கச்சானுக்கு முன் ஒரு சுற்று

பேராதனையில் இருந்துகொண்டு "கடலில் கயாக் ஓட்டப் போகிறேன்" என்று சொன்னால் முதலில் வருவது சிரிப்புத்தான். மலைநாட்டுக்காரருக்குக் கடல் என்பது வருடத்தில் ஒருமுறை வேன் பிடித்துப் போய், முழங்கால் வரை நனைத்து, பொரித்த மீன் தின்று, திரும்பும் வழியில் மாத்தளை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிற இடம். அதில் போய்த் துடுப்புப் போடுவதா? அம்மா இன்னும் நேரடியாகக் கேட்டார்: "நீச்சல் தெரியாத ஆளுங்களெல்லாம் சேர்ந்து எங்க போறீங்க?" எனக்குத் தெரியும் என்றேன். "எது, கண்டி சுவிமிங் பூல் நீச்சலா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன இடம் புறாத்தீவு. நிலாவெளிக்காரர் வாயில் அது புறாமலை. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 15 கிலோமீற்றர் அளவில் நிலாவெளி, அங்கிருந்து கடலுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் போனால் தீவு. உண்மையில் இரண்டு தீவுகள். பெரியது 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. சின்னதைச் சுற்றிப் பாறைத் திட்டுகள். 1963 இல் இதைச் சரணாலயம் ஆக்கினார்கள், 2003 இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பூங்கா என்றால் தீவு மட்டுமில்லை, சுற்றியிருக்கும் கடலும் பவளப் பாறையும் சேர்த்து 471 ஹெக்டெயர். ஆகவே தீவில் கால் வைக்காமல் சுற்றி மட்டும் வந்தாலும் நுழைவுச் சீட்டு எடுத்தாக வேண்டும். இதை வைத்து எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. அது பிறகு.

போக, சுற்ற, திரும்பி வர, எல்லாம் சேர்த்து நாலு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். எங்கள் கூட்டம் ஹந்தானையிலும் நக்கிள்ஸிலும் மழையில் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு ஏறுகிற கூட்டம். நாலு கிலோமீற்றர் என்றதும் பொறியியல் பீடத்துத் தம்பிகள் இரண்டு பேர் "அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் எங்களோடு வருவார், வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மட்டும், "தண்ணியில தூரத்த எதால அளப்பீங்க?" என்று கேட்டார். காற்றால் என்பது அவர் கேள்விக்குச் சரியான விடை. அது எங்களுக்குத் தெரிந்தது அங்கே போன பிறகுதான்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

ஆனி, ஆடி மாதங்களில் பேராதனை எப்படி இருக்கும் என்று இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காயப்போட்ட துணி காயாது. ஹந்தானை உச்சி கண்ணில் படாது. மகாவலி மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாகப் போகும். இந்த மழையைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மிச்சக் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. ஈரக் காற்று மேலே ஏறும்போது 1000 மீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிரும். உலர்ந்த காற்று கீழே இறங்கும்போது அதே 1000 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை சூடேறும். ஏறும்போது கொடுத்ததைவிட இறங்கும்போது வாங்கிக்கொள்வது கூட. அதனால்தான் பேராதனையில் நாம் ஸ்வெட்டர் தேடுகிற அதே நாளில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் உலர்ந்த காற்று முகத்தைச் சுடுகிறது. அந்தக் காற்றுக்குக் கிழக்கில் பெயர் கச்சான். வேனுக்குள், எங்களைக் கூட்டிப் போன அண்ணன் இதை விளக்கத் தொடங்கியபோது "கச்சான்" என்ற சொல்லைக் கேட்டதுமே பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது, கடலைப் பொட்டலம் என்று நினைத்து.

இலங்கைப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை, கச்சானை ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஃபோன் காற்றின் இனத்தில் சேர்த்து 1958 இல் 'வெதர்' என்ற ஆங்கில சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கிழக்குக்காரர் தலைமுறை தலைமுறையாக முதுகில் வாங்கிய காற்றுக்கு அறிவியல் விளக்கம் சொன்ன கட்டுரை. அதை மழைக்கு ஒதுங்கிய நாளொன்றில் படித்திருக்கிறேன், ஆனால் அந்தக் காற்று என் துடுப்பைப் பிடித்துத் திருப்பும் என்று அப்போது தோன்றவில்லை.

கயாக்காரர் அலையைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்றுக்கு. கச்சான் அந்த வகை. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகக் கிடக்கும். காற்று தண்ணீரின் மேல் ஓட இடம் கிடைத்தால்தானே அலை எழும்ப முடியும்? கரையோரம் அந்த இடம் இல்லை. உள்ளே போகப் போகத்தான் சிற்றலைகள் தலை தூக்கும், பிறகு நுரை கட்டும். போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், நமக்கு ஏதோ பிறவித் திறமை இருக்கிறது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைக்கும். கை சோர்ந்துபோய் இருக்கிற நேரம் பார்த்து.

எங்களைக் கூட்டிப் போனவர் திருகோணமலைக்காரர், பேராதனையில் வேலை. எல்லோருக்கும் அண்ணன். மிஸ்ஸுக்குக்கூட அண்ணன் என்றுதான் வாயில் வரும், பிறகு தன்னைத் திருத்திக்கொள்வார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அக்கா, வங்கியில் வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவியும், அக்குறணையில் கடை வைத்திருக்கும் நானா, கெலிஓயாவிலிருந்து ஒரு சிங்கள நண்பர், பொறியியல் தம்பிகள், மிஸ், நான். கலஹா சந்தியில் இரவு பதினொரு மணிக்கு வேன் ஏறியபோதும் மழைதான். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று போகும் பாதை. ஹபரணைக்கு அப்பால் சாரதி வேகத்தைக் குறைத்தார். இரவில் யானை குறுக்கே வரும் பாதை. வரவில்லை. பாதி வேனுக்கு அது ஏமாற்றம், சாரதிக்கு இல்லை.

கந்தளாய்க் குளத்தைத் தாண்டும்போது அண்ணன் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. பேராதனைப் பாலத்துக்குக் கீழே ஓடும் மகாவலியில் ஒரு பகுதியைக் கண்டிக்குக் கொஞ்சம் கீழே பொல்கொல்லையில் சுரங்கம் வழியாக வடக்கே திருப்பிவிடுகிறார்கள், 1976 முதல். அந்தத் தண்ணீர் குளம் குளமாக நடந்து கந்தளாய் வரை வருகிறது. திருப்பாமல் விட்ட தண்ணீர் 335 கிலோமீற்றர் ஆறாக ஓடி முடித்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதாவது நம் ஊர்த் தண்ணீரும் திருகோணமலைக்குத்தான் போகிறது, நம் ஊரில் மழையைக் கொட்டிய காற்றும் அங்கேதான் போகிறது. நாங்கள் மட்டும்தான் வேனில் போனோம்.

இதற்கு எதிர்த்திசையில் போனவர் ஒருவர் இருக்கிறார். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பற்காரர். 1660 இல் கொட்டியாரக் குடாவில் இரண்டாம் இராஜசிங்கன் ஆட்களிடம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுவரப்பட்டு, பத்தொன்பது வருடத்துக்கு மேல் மலைக் கிராமங்களில் கழித்தார். கடைசிக் காலத்தில் அவர் வீடு கட்டி இருந்த எலதெத்தை, நம் சிங்கள நண்பரின் கெலிஓயாவிலிருந்து அதிக தூரமில்லை. கடலைப் பார்க்காமல் பத்தொன்பது வருடம் இருந்த மாலுமி. "நமக்கு அது சாதாரணம்" என்றார் வங்கிக்காரர்.

விடியுமுன் நிலாவெளி. வேன் கதவைத் திறந்ததும் காற்று இல்லை, வெக்கைதான். கடற்கரையில் கரைவலைக்காரர் ஏற்கெனவே கயிற்றைப் பிடித்து நின்றார்கள். எங்களுக்குத் துணைப் படகு ஓட்டுவதற்கு ஒரு ஐயாவை அண்ணன் பேசி வைத்திருந்தார். ஃபைபர் படகு, பின்னால் என்ஜின். கயாக்குகளையும் உயிர்காப்பு அங்கிகளையும் அங்கேயே வாடகைக்கு எடுத்தோம். உள்ளே நுழைந்து உட்காரும் மெல்லிய வகை இல்லை, மேலே உட்காரும் தடித்த பிளாஸ்டிக் வகை. கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் நிறையாது, உள்ளே மாட்டிக்கொள்ளவும் மாட்டோம். பார்க்க அழகில்லை. புதியவருக்கு அதுதான் சரி.

ஐயா எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். "எங்கயிருந்து வாறியள்?" கண்டிப் பக்கம் என்றோம். "அங்க மழையோ?" நல்ல மழை என்றோம். தலையை ஆட்டினார். "அப்ப இங்க காத்து வரும். எட்டுக்குப் பிறகு எழும்பும். அதுக்குள்ள கரைக்கு வந்திட வேணும், பிள்ளையள்." வானிலைச் செயலி ஒன்றைப் பார்த்துவிட்டு "ஒன்பதரை என்று போட்டிருக்கு ஐயா" என்றான் தம்பிகளில் ஒருவன். ஐயா அவனுக்குப் பதில் சொல்லவில்லை, படகுக்குள் தண்ணீர்க் கேனை வைத்தார்.

கடலில் இறங்குவதற்கு முன், இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே கவிழ வேண்டும் என்றார் அண்ணன். இதுதான் அன்றைய பாடத்தில் முதன்மையானது. கவிழ்ந்தால் துடுப்பை விடக்கூடாது, கயாக்கை விடக்கூடாது. கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டில் பிடித்து, கால்களைத் தண்ணீர் மட்டத்துக்கு உதைத்து உயர்த்தி, வயிற்றில் சரிந்து ஏற வேண்டும், பிறகு மெதுவாகத் திரும்பி உட்கார வேண்டும். தம்பிகள் கை பலத்தால் ஏறப் பார்த்து, கயாக்கைத் தங்கள் தலைமேல் கவிழ்த்தார்கள். மிஸ் சொன்னதைச் சொன்னபடி செய்து முதல் தடவையிலேயே ஏறி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக் கயிற்றைச் சரிசெய்தார். வங்கிக்காரர் ஏறினார், மனைவி ஏறும்போது இவர் மறுபடி விழுந்தார். இருவரையும் ஒரே கயாக்கில் விட வேண்டாம் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை, அது என் வேலையில்லை.

துடுப்புப் போடுவது கை வேலை என்று நினைத்தால் அரை மணி நேரத்தில் தோள் போய்விடும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, காலால் கயாக்கை உந்தி, துடுப்பைப் பாதத்துக்குப் பக்கத்தில் இறக்கி, இடுப்புக்குப் பக்கத்தில் எடுக்க வேண்டும். இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்து யோசனை சொல்லக் கூடாது. வங்கிக்காரர் முன்னால் இருந்தார், திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கூட்டமாகப் போவதற்கு ஒழுங்கு உண்டு. அண்ணன் முதலில், தாதி அக்காவும் நானாவும் கடைசியில். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது, கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் நில், நேராகத் தூக்கினால் வா. அங்கியில் கட்டிய விசிலை மூன்று தடவை ஊதினால் ஆபத்து. ஆகச் சோர்ந்த கயாக் எந்த வேகத்தில் போகிறதோ அதுவே முழுக் கூட்டத்தின் வேகம். மலை ஏறும்போது வேகமாக ஏறுகிறவர்கள் மேலே போய் உட்கார்ந்து காத்திருக்கலாம், தேநீர் குடிக்கலாம். கடலில் காத்திருப்பது என்று ஒன்று கிடையாது. நின்றால் காற்றும் நீரோட்டமும் எங்கேயாவது கொண்டுபோகும்.

ஆறரைக்குப் புறப்பட்டோம். தீவு வரை போன அரை மணி நேரத்தைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. சூரியன் நேர் எதிரே, தீவு கறுப்பாக நின்றது. துடுப்புச் சத்தம் மட்டும். தம்பிகள் கூடப் பேசவில்லை. முதன்முதலாகக் கால் எட்டாத தண்ணீருக்கு மேல், கைப்பிடிச் சுவர்கூட இல்லாத ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

தீவின் கரைப்பக்கம் மணல். உல்லாசப் படகுகள் வந்து ஆட்களை இறக்கும் பக்கம். நாங்கள் போனபோது யாரும் இல்லை. பவளம் ஆழமில்லாமல் வளர்ந்திருக்கிறது, அதற்கு மேலே கயாக்கைக் கொண்டுபோனால் துடுப்பு நுனி இடிக்கும். அதனால் அண்ணன் எங்களை நன்றாக வெளியே விலக்கி வைத்தே கூட்டிப்போனார். அங்கிருந்தும் கீழே தெரிந்தது. நீலமும் பழுப்புமாய்த் திட்டுகள், நடுவே வெள்ளை மணல். கறுப்பு நுனிச் செட்டையுள்ள சுறா ஒன்று, ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட இருக்கும், எங்களுக்குக் கீழே அவசரமில்லாமல் கடந்து போனது. இந்த இடத்தில் இவை அடிக்கடி வரும், மனிதரைக் கண்டால் விலகிப் போகும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் காலை மேலே இழுத்துக்கொண்டேன், தண்ணீருக்குள் தொங்கப்போட்டிருக்கவில்லை என்றாலும்.

பாறைகளில் புறாக்கள். தலதா மாளிகை முன்றிலில் நெல் பொறுக்குகிற புறாக்களுக்கும் இவற்றுக்கும் ஒரே இனம், மாடப்புறா. உலகமெங்கும் நகரங்களில் வாழும் புறாக்களின் காட்டு மூதாதைகள் இப்படிக் கடற்பாறைகளில் கூடு வைத்தவைதான். இலங்கையில் காட்டுப் புறாவாகவே மிஞ்சியிருப்பவை கொஞ்சம், அதில் ஒரு கொஞ்சம் இங்கே. ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தீவைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். அதையும் தாண்டி இருந்திருக்கின்றன.

சின்னத் தீவின் பாறைத் திட்டுகளை வெளியால் சுற்றி, பெரிய தீவின் மறுபக்கத்துக்கு வந்தோம். படங்களில் யாரும் போடாத பக்கம் இது. பாறைமேல் பாறை. வெளிக்கடலிலிருந்து வரும் நீண்ட அலை, கரைப்பக்கத்தில் தெரியாத அலை, இங்கே பாறையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உடையும் அலை இல்லை, கயாக் மெதுவாக மேலே போகும், முன்னால் போகிறவர் தோள் வரை மறைவார், பிறகு தெரிவார். பாறையில் மோதித் திரும்பும் அலையும் வருகிற அலையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளும். அங்கிருந்து எட்டி நில்லுங்கள் என்று அண்ணன் கையைக் காட்டினார். அந்தத் துள்ளலுக்கு வெளியே ஓர் ஆமை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டுப் போனது. எந்த வகை என்று கண்டுபிடிக்கும் முன் போய்விட்டது.

அந்த இடத்தில் சொர்க்கம்போல் இருந்தது. காற்று அறவே இல்லை. தம்பிகள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்கள். சிங்கள நண்பர் போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தார். ஐயாவின் படகு கிட்ட வந்தது. "காத்து இல்லையெண்டு நினைக்க வேண்டாம். மலை மறைக்குது" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. கரையிலிருந்து வீசத் தொடங்கியிருந்த கச்சானைத் தீவே மறித்து நின்றது. நாங்கள் இருந்தது தீவின் காற்று நிழலில். அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் கயாக் மெல்ல மெல்ல வெளியே மிதக்கும்; நிழலின் எல்லையைத் தாண்டும் அந்தக் கணம் காற்று பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு கிழக்கே வங்காள விரிகுடா. மணி ஏழே முக்கால். செயலி சொன்ன ஒன்பதரை எங்கேயோ இருந்தது.

முனையைத் திரும்பியதும் முகத்தில் அடித்தது. சூடான காற்று. கடலின் நடுவில் அப்படி ஒரு சூட்டை நான் எதிர்பார்க்கவில்லை, அடுப்படிக் கதவைத் திறந்ததுபோல் இருந்தது. எண்ணெயாகக் கிடந்த கடல் முழுக்கச் சொரசொரப்பாகியிருந்தது. கரை தெரிகிறது, தென்னைகள் தெரிகின்றன, ஒரு கிலோமீற்றர்தான். பத்து நிமிடம் துடுப்புப் போட்ட பிறகும் தென்னைகள் அதே அளவில்தான் இருந்தன.

அண்ணன் துடுப்பைக் கிடையாகத் தூக்கினார். தீவின் பக்கவாட்டு ஒதுக்கில் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து, கயாக்குகளை அருகருகே வைத்து ஒருவர் கயாக்கை மற்றவர் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்படிச் சேர்ந்துவிட்டால் தெப்பம் மாதிரி, கவிழ்க்க முடியாது. அங்கே ஜோடி மாற்றினார். வங்கிக்காரர் மனைவி தாதி அக்காவோடு, வங்கிக்காரர் மிஸ்ஸோடு. கடலில் ஆள் மாறுவது எப்படி என்கிறீர்களா? தண்ணீரில் இறங்கி, காலையில் பழகியபடி மற்றக் கயாக்கில் ஏறுவதுதான். கரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டு செய்த அந்தப் பயிற்சி அங்கே யாரையும் சிரிக்கவைக்கவில்லை, ஆனால் இருவரும் ஏறிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் துடுப்பைத் தாழ்வாகப் பிடிக்க வேண்டும், உயரத் தூக்கினால் மேலே இருக்கும் அலகைக் காற்று பிடிக்கும். குட்டையான அடிகள், நிறுத்தாமல். கரையைப் பார்க்கக் கூடாது, முன்னால் இருப்பவர் முதுகைப் பார்க்க வேண்டும். தம்பிகள் முதல் தடவையாகப் பின்தங்கினார்கள். போகும்போது வளைந்து வளைந்து ஓட்டி விளையாடியதற்கான கணக்கு. ஐயா படகைக் கிட்டக் கொண்டுவந்து கயிறு எறியவா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார்கள், கொஞ்ச நேரம் கழித்து வேண்டும் என்று தலையாட்டினார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, துணைப் படகு எதற்கு இருக்கிறது? மிஸ்ஸின் கயாக் முதல் ஆளாகக் கரை தட்டியது. வங்கிக்காரர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். "திரும்பினா அடி போடுவேன்னு சொன்னேன்" என்றார் மிஸ்.

இப்போது அந்தச் சண்டை. தீவுக்குப் போய் இறங்காமல் வந்தது ஏன் என்று பாதிப் பேருக்குக் கோபம். சீட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறோம், அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டிருக்கிறோம், அந்த வெள்ளை மணலில் கால் வைக்காமல் வருவதா? நானாவின் வாதம் நியாயமாகவே இருந்தது: "நாம பத்துப் பேர் இறங்கினா தீவு தேஞ்சா போயிரும்?"

நாங்கள் கரையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது போயா விடுமுறைக் கூட்டம் வந்து சேர்ந்தது. படகு மேல் படகு. ஒன்று ஆட்களை இறக்கிவிட்டு வரும்போது அடுத்தது புறப்படும். கரையிலிருந்தே தெரிந்தது, அந்தச் சிறு மணல் துண்டில் செம்மஞ்சள் அங்கிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பவளம் கல் இல்லை, உயிர். கிளை விடும் வகை வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வளரும், உருண்டைப் பாறைபோல் வளரும் வகைக்கு ஒரு சென்ரிமீற்றரே அதிகம். நீச்சல் தெரியாமல் தண்ணீரில் இறங்குகிறவர் தடுமாறினால் கால் ஊன்றும் இடம் எது? அதன் தலைதான். முட்கிரீடம் என்கிற நட்சத்திர மீனும், தண்ணீர் சூடாகி வெளுப்பதும், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையும் என்று இந்தப் பவளத்துக்கு வந்த துன்பங்கள் பல. நிலாவெளி ஊரையே புரட்டிப்போட்ட அந்த அலைக்குப் பிறகும் இது மிஞ்சியது. காலால் மிதிபடுவது மட்டும்தான் நாம் இன்றைக்கே நிறுத்தக்கூடியது.

படகுக்காரர்மேல் எனக்குக் குறை சொல்ல மனமில்லை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் அவர்களுக்கு உழைப்பு, வாடைக்காற்று தொடங்கினால் கடல் பூட்டு. போர் நடந்த வருடங்களில் இந்தக் கரையில் சுற்றுலா என்ற பேச்சே இருக்கவில்லை. ஆட்கள் வரட்டும், காசு புரளட்டும். ஆனால் ஒரு தீவைப் பார்ப்பது என்றால் அதன்மேல் ஏறி நின்றால்தான் பார்த்ததாக ஆகும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? மணலில் இறங்கினவர்கள் பார்த்தது ஒரு பக்கம். நாங்கள் நாலு பக்கமும் பார்த்தோம், புறாக்களின் பக்கத்தையும், அலை ஏறி இறங்கும் பக்கத்தையும், காற்று ஒளிந்திருக்கும் பக்கத்தையும். சீட்டின் பெறுமதி எங்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது என்று நானாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கந்தளாயில் தயிர்ச் சட்டி வாங்க இறங்கும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: பேராதனையில் மழை பலமாக இருந்தால் கிழக்கில் கச்சானும் பலமாக இருக்க வாய்ப்புண்டு, அதை வைத்து நாளைத் தெரிவுசெய்யுங்கள். சித்திரை, வைகாசி புதியவருக்கு நல்லது. விடிந்ததும் இறங்குங்கள், காலைச் சாப்பாட்டைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஆட்களிடம் முன்பே பேசி, எதுவரை கிட்டப் போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்ஜின் படகு ஒன்று துணைக்கு இல்லாமல் போகவே வேண்டாம். முழுக்கை உடுப்பு, கயிறு கட்டிய தொப்பி, ஆளுக்குக் குறைந்தது இரண்டு போத்தல் தண்ணீர். கணவன் மனைவியை வேறு வேறு கயாக்கில் போடுங்கள்.

அடுத்த தடவை மட்டக்களப்பு வாவியில் புளியந்தீவைச் சுற்றலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, கல்லடிப் பாலம், நடுவே வாவி. அலை இல்லை. தம்பிகள் பெயர் கொடுத்துவிட்டார்கள். வாவியில் முதலை உண்டா என்று வங்கிக்காரர் கேட்டிருக்கிறார். அவர் மனைவி தனக்குத் தனிக் கயாக் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.